சாயம் ஏறிய கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, தவக்காலம். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் அன்று, வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டி கனிசியஸின் பெரிய வலைக்குச் சாயம் போடும் நாள். காலையிலிருந்து அடுப்பிலிருந்த பெரிய கிடாரத்தில் சாயத்துக்கு மரப்பட்டை அவிந்துகொண்டிருந்தது. பெண்கள் அந்தக் கிடாரத்தில் கைவைத்தால் வலையில் மீன் விழாது என்பது சம்மாட்டிமாரின் சட்டம். அதற்கு விறகு சுமப்பது மட்டும் நாங்கள்தான். விறகுக்குத் தரித்திரம் கிடையாதாம்!

என் மனுசன் சிமியோன் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அலறிக்கொண்டு விழுந்தார். கணுக்காலில் திருக்கை முள். தூக்கிவந்து மணலில் கிடத்தினார்கள். காய்ச்சலில்கூட முனகாத மனிதர், என் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு துடித்தார்.

அவரோடு தொழிலுக்குப் போகும் லியோன் அண்ணை, பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கினார். "புத்தூரிலையிருந்து விசகடி வைத்தியர் வரட்டும். அதுவரைக்கும் காலிலை தண்ணி படக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவள். எங்கள் கரையில் திருக்கை குத்தினால் முதலில் தேடுவது சுடுதண்ணீரைத்தான். கயிற்றை அவிழ்த்து எறிந்தேன். காயத்தில் நீட்டிக்கொண்டிருந்த முள்துண்டைப் பிடுங்கினேன். வீட்டுக்கு ஓடி, அடுப்பு மூட்டி, தண்ணீர் சுடும்வரை அவர் தாங்கமாட்டார். வாளியோடு கிடாரத்துக்குப் போனேன்.

"ஏய், பொம்பிளை! கைவையாதை!" என்று சம்மாட்டி கத்தினார்.

வைத்தேன். அள்ளிய சாயத்தில் கடல்தண்ணீர் கலந்து, கையை முழங்கைவரை விட்டுச் சூடு பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டில் அவர் காலை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாயிலிருந்து சேலைத் தலைப்பு நழுவியது.

"நோ குறையுது, மரியநாயகி."

வாளித் தண்ணீர் ஆறியதும் வலி திரும்பி வந்தது. மறுபடி போனேன். சம்மாட்டி குறுக்கே நின்றார். "இன்னொருக்கால் தொட்டியெண்டால், உன்ரை மனுசனுக்கு என்ரை வலையிலை இடமில்லை."

பயந்தேன். சிமியோனின் பங்கு மீன்தான் எங்கள் சோறு. ஆனால் பின்னால் சிமியோன் அலறுவது கேட்டது.

"வலைக்கு நாளைக்கும் சாயம் போடலாம், சம்மாட்டியார். தள்ளி நில்லுங்கோ."

சம்மாட்டி நகரவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய் அள்ளினேன். பொழுதுசாயும் வரைக்கும் அள்ளினேன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் நான் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டால், சிமியோனை வலைக்கு எடுப்பதாகச் சம்மாட்டி சொல்லி அனுப்பினார். போனேன். சாயம் ஏறிய கைகளை மறைக்காமல்தான் போனேன். முழங்கால் மடங்க மறுத்தது.

சிமியோன் நொண்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "நான் கதைக்கிறன்" என்றார். எனக்காக இவர் கெஞ்சப்போகிறார் என்று நினைத்து என் நெஞ்சு வெந்தது.

அவர் உடுத்திருந்த சாரத்தைத் தூக்கி, மண்ணிறமாகிப்போன காலைக் காட்டினார். "இதுவும் உங்கடை கிடாரத்துச் சாயம்தான். இந்தக் கால் உங்கடை வலைக்கு ஆகுமெண்டால், அவளின்ரை கையும் ஆகும். ஆகாதெண்டால் நான் வரேல்லை."

லியோன் அண்ணை மெல்ல வந்து சிமியோனுக்குப் பக்கத்தில் நின்றார். சம்மாட்டி அந்தக் காலைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

"நாளைக்கு விடிய வா" என்றார் சிமியோனிடம். "வலைக்குத் திரும்பச் சாயம் போடவேணும். உன்ரை மனுசியை விறகு கொண்டுவரச் சொல்லு."

"கொண்டாறன்" என்றேன். "சாயமும் நான்தான் அள்ளுவன்."