தீயெருமையின் கடைசி அத்தியாயம்

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழரை மணிக்கு வினோத்குமாரின் அரிவாள் ராஜாராமின் கழுத்தில் பாதிவரை இறங்கியது; ராஜாராம் சாகவில்லை. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர், விட்ட இடத்தில் ஒரு வைக்கோலை வைத்து மூடினார். சாய்ந்த தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

வினோத்குமார் அவருடைய சித்தப்பா மகன். ஏரி மதகில் யார் முதலில் தண்ணீர் திருப்புவது என்ற சண்டையில், அவனுடைய அண்ணன் வசந்த்குமாரின் மண்டையை ராஜாராம் மண்வெட்டியால் பிளந்திருந்தார். சாட்சி இல்லாமல் கேஸ் நிற்கவில்லை. ராஜாராம் செத்த பிறகுதான் அண்ணனுக்குக் கருமாதி என்று வினோத்குமார் சொல்லிவிட்டான். படையல் சோற்றுக்கு வந்த காகங்கள் அவன் வீட்டு ஓட்டின்மேலேயே தங்கின. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகளும் காத்திருந்தன.

பங்குனியில் டிராக்டரை ஏற்றினான். விலா எலும்புகள் நொறுங்கின. ராஜாராம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சித்திரையில் நெஞ்சில் இறக்கிய கடப்பாரை முதுகுப்பக்கம் வெளியே வந்தது. ராஜாராம் அதை உருவி, துடைத்து, திருப்பிக் கொடுத்தார். காரணத்தை அவர் மனைவி சொக்கம்மாள் குழாயடியில் சொன்னாள்.

“இன்னும் ஒரு அத்தியாயம் கீதாம். அத்த படிக்காம போவ மாட்டாராம்.”

புத்தகத்தின் பெயர் ‘தீயெருமை’. நெருப்பைத் தின்னும் எருமை ஒன்று, படகோட்டி மகளை முதுகில் சுமந்து ஏழு மலைகளைத் தாண்டுகிறது. தண்ணீரில் இறங்கினால் அணைந்துபோகும். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், அவள் உயிரைக் காக்க, கருப்பு ஏரியில் இறங்குகிறது. வைக்கோல் அங்கேதான் இருந்தது. ஊருக்கு இது நியாயமாகவே பட்டது.

முடிவைச் சொல்லிக் கொல்வது என்று வினோத்குமார் தீர்மானித்தான். பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த லுக்மானிடம் இன்னொரு பிரதி கிடைத்தது.

“கடைசிய மட்டும் கிழிச்சிக்கினு போ நைனா,” என்றார் லுக்மான். “முழுசா படிச்சா உனுக்குத்தான் பேஜாரு.”

அப்படியே கிழித்துப் போய் ராஜாராம் வாசலில் நின்று கத்திப் படித்தான். யார் எவர் என்று தெரியாமல் படித்ததால் சொற்கள் வாயிலிருந்து உமியாக உதிர்ந்தன. குவிந்ததைச் சொக்கம்மாள் பெருக்கித் தள்ளினாள். ராஜாராம் அன்றிலிருந்து காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்.

வினோத்குமார் மீதிப் புத்தகத்தையும் லுக்மானிடம் வாங்கி வந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். மோட்டார் ஓடியது. தண்ணீர் வரப்பை மீறி அடுத்தவன் வயலுக்குப் போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. விலாவில் அம்பு தைத்ததைப் பெண்ணிடம் சொல்லாமல் எருமை நடக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதான். மதகில் அன்று ராஜாராம் மண்வெட்டியை ஓங்கியது வினோத்குமாரின் தலைக்குத்தான். அண்ணன்தான் குறுக்கே வந்தான். இதை அவன் யாரிடமும், கோர்ட்டில்கூட, சொன்னதில்லை. தெரிந்த இன்னொரு ஆள் ராஜாராம்.

வைகாசியில் முழுவதும் படித்து முடித்து, அரிவாளோடு ஏரிக்கரைக்குப் போனான். அண்ணன் பெயரைச் சொல்லி ராஜாராமின் தோளில் ஒரு வெட்டு வெட்டினான். பிறகு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக் கொம்பு காட்டினான். முடிவைச் சொல்லக் கூடாது என்று சைகையிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டு ராஜாராம் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார்.

“அம்பு தெச்சத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலியே, ஏண்ணா?”

“சொன்னா அவ எறங்கிடுவா.”

நான்கு வருஷமாக இதுதான் மாலை வேலை. முதலில் ஒரு வெட்டு; ராஜாராம் சட்டையைக் கழற்றி இடம் காட்டுவார். பிறகு இருட்டும்வரை எருமையைப் பற்றிப் பேச்சு. வெட்டு எதுவும் ஆறுவதில்லை. குடிக்கிற கஞ்சி கழுத்து வழியாக ஒழுகும். எறும்புகள் ஒரு காயத்தில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வரும். பெருநகர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

இந்த ஐப்பசியில் ஏரி நிறைந்து உபரித் தண்ணீர் கலங்கலைத் தாண்டி வழிந்தது. வினோத்குமார் அரிவாளை ஓங்கியபோது ராஜாராம் சட்டையைக் கழற்றவில்லை. இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். காகங்கள் கரையில் வந்து இறங்கின.

“போதும்டா வினோத்து. சொல்லு. அந்த எரும கரையேறிச்சா?”