அரிசி டின்னுக்குள் டியூப்

தோட்டத் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் ரமணியின் குடம் நிறைவதற்குள் ஆளாளுக்குப் பேசிவிட்டார்கள்.

“டிவி மேல மோர் மிளகாய் காய வைக்கிற ஆளை நம்ம லயத்துலதான்லா பாக்கலாம்.”

“அடுத்த தடவ கருவாடும் வைப்பா.”

ரமணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் நின்ற கங்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தன் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள்.

அந்தப் பழைய டிவி கங்காவுடையது. உள்ளே கண்ணாடி டியூப்கள் சூடேறி எரிகிற ரகம். மேல்பலகை அடுப்புத் திண்டு மாதிரி கதகதப்பாக இருக்கும். மழை நாளில் பக்கத்து வீட்டு ரமணி மிளகாய்த் தட்டைக் கொண்டுவந்து அதன்மேல் வைப்பாள். கங்காவும் வேண்டாமென்று சொன்னதில்லை. உப்பு மோர் சொட்டித்தான் டிவி கெட்டதென்று ரமணியே முடிவுகட்டி, லயம் முழுக்கத் தன் வாயாலேயே சொல்லியும் விட்டாள்.

உண்மையில் டிவியில் கெட்டது ஒன்றுமில்லை. கங்காவின் புருஷன் அர்ஜுனன் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு ராத்திரிதான் வீட்டில் தங்குவான். தமிழ்ப் படம் போடுவதும் அதே ராத்திரி. லயமே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட, அவன் அடுப்படியில் நின்றபடி சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போவான். ஒரு வாரமாவது அவனோடு உட்கார்ந்து பேசலாமென்று, கங்கா பின்மூடியைக் கழற்றி ஒரு டியூபைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதெல்லாமும் எரியாது. ரிப்பேர்க்காரர் செய்தபோது பார்த்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் ரமணி வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, அவரு சைக்கிள் கொண்டாந்திருக்காரு. டிவியக் கட்டி கோலா சிலாங்கூர் ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போறோம். செலவு எங்களோடது.”

“இப்ப என்னடி அவசரம்?”

“தெனம் நீங்களும்தான கேக்குறீங்க, அவங்க பேசுறத.”

“இரு, வர்றேன்.”

கங்கா உள்ளே போய் அரிசிக்குள் கையை விட்டாள். சத்தமில்லாமல் மாட்டிவிட்டு, ஈரம் காய்ந்து தானாகச் சரியாகிவிட்டது என்றால் போதும். ஆனால் ஈரம் என்று சொன்ன மாத்திரத்தில் பழி ரமணி தலையில் நிலைத்துவிடுமே.

டியூபை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“உன் மோர் சொட்டலடி ரமணி. இத நான்தான் கழட்டி ஒளிச்சு வச்சேன்.”

கண்ணாடியில் அப்பியிருந்த அரிசி மாவை ரமணி பார்த்தாள். “ஏன்க்கா?”

“அவரு வர்ற அன்னிக்கு வீட்டுல கூட்டம் வேணாம்னு.”

“வராதீங்கன்னு சொன்னா வரமாட்டமே.”

“சொல்ல வாய் வரல.”

“நான் பேச்சு வாங்குறப்பயும் வரலியா?”

கங்கா டியூபில் இருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். வெளியே ரமணியின் புருஷன் வீரன், “தூக்கலாமா?” என்று கேட்டான்.

“வேணாங்க. நீங்க போங்க, சொல்றேன்” என்றாள் ரமணி.

கங்கா செருப்பை மாட்டினாள். “ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

“கலாவதி வீட்டுலேருந்து ஆரம்பிங்க. அவதான் ரொம்பப் பேசுனா.”

கூட வருகிறேன் என்று ரமணி சொல்லவில்லை. கங்காவும் கூப்பிடவில்லை.

கதவைத் திறந்த கலாவதியின் முகம் மலர்ந்தது. “என்னக்கா, டிவி சரியாயிருச்சா? இந்த வாரம் படம் பாக்கலாமா?”

“அது கெடவே இல்ல கலா” என்று கங்கா ஆரம்பித்தாள்.