தம்பி போட்ட ரீசார்ஜ்

கண்ணாடிப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்து வாசலுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் தலையணைக்கு அடியில் செல்போன் சிணுங்கியது. பெட்டியின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை அதை வாடகைக்குக் கொண்டுவந்த ஆளின் கையில். இடது பக்கம் ஒடி, நிலையில் இடிக்குது, இன்னும் கொஞ்சம் வரலாம் என்று லாரிக்காரர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் தண்ணீர் லாரி ஓட்டியவர்; ரிவர்ஸில் வரும் வண்டிக்குச் சொல்வதுபோலத்தான் சொல்ல வந்தது. ஊருக்கு மட்டுமல்ல, பெண்டாட்டிக்கும் அவர் லாரிக்காரர்தான். அந்தப் பெண்டாட்டி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்த மகள் போனை எடுத்துப் பார்த்தாள். எழுந்து நின்று மறுபடியும் படித்தாள்.

"ரீசார்ஜ் ஆயிருக்கு," என்றாள். "தம்பி போட்டிருக்கான்."

பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எட்டிப் பார்த்தார்கள். பழைய ரீசார்ஜ் முடிகிற நாள் இன்றைக்குத்தான் என்பது லாரிக்காரருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. தெருமுனைச் செல்கடைக்காரருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. கடையைத் திறந்ததும் வழக்கம்போலப் போட்டுவிட்டார்.

மகன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம். அப்பா அசந்து தூங்கிய ஒரு மதியம் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய், நிறைந்த டேங்கரை ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் விட்டான். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அப்பாவுக்கு வேலை போயிற்று. "இனி என் கண்ணு முன்னாடி நிக்காதே" என்றார். கோபத்தில் எல்லா அப்பன்களும் சொல்கிற பேச்சுதான். பையன்கள் ராத்திரி சோற்றுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். இவன் சொன்னதைச் சொன்னபடியே கேட்டான். அதற்கு முன்னால் அப்பா சொல்லி அவன் கேட்டதாக வேறெதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவனுடைய போன் சில நாளில் அணைந்துபோனது. அம்மாவின் போன் மட்டும் மிச்சம். அந்த சிம்மை அவளுக்கு வாங்கித் தந்தவனே அவன்தான், அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அதுதான். அந்த நம்பர் செத்துப்போகக் கூடாது என்பதைத் தவிர அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கவலையே இருக்கவில்லை. சுரண்டுகிற கார்டு இருந்த காலத்தில் கொண்டை ஊசியால் சுரண்டி, எண்களை வாய்விட்டுப் படித்து அழுத்துவாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளித் தூளாக இருக்கும். கார்டு ஒழிந்ததும் தெருமுனைக் கடைக்கு நடந்து போய்ப் போட்டுக்கொண்டாள். மகள் அந்த போனில் கொஞ்சம் நேரம் பேசினால்கூட, அவன் கூப்பிடுகிற நேரமாக இருந்தால் என்ன செய்வது என்று பிடுங்கி வைத்துக்கொள்வாள். அவன் கூப்பிட்டதே இல்லை.

ஒரு மாசம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கெடு முடிகிறது என்று போன் எச்சரித்துக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் காற்றாட நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். இந்த வீட்டில் அவன் பேச்சை எடுத்தால் நடப்பதே வேறு என்று கத்தியவர், அவன் கூப்பிடுவதற்காகப் பணம் போட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வார்? வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே அவள் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் போட்டிருக்கான், உசுரோட இருக்கான், பேசத்தான் வெட்கப்படறான் என்றாள். காய்ச்சலோடு எழுந்து தலை வாரிக்கொண்டாள். மறுநாள் அவர் செல்கடைக்காரரிடம் போய், மாசாமாசம் கெடு முடிகிற அன்று போட்டுவிடு, யார் கேட்டாலும், அந்தக் கடவுளே வந்து கேட்டாலும், நான் போடச் சொன்னேன் என்று மூச்சுவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தம்பி போடுகிற ரீசார்ஜ் என்றே பேச்சு. மகளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

இப்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவோடு நின்றாள். அம்மா போன அன்றைக்கே போட்டிருக்கிறான் என்றால் அவனுக்குச் சேதி போயிருக்கிறது என்றாள். வந்துகொண்டிருப்பான், வழியிலிருந்து போட்டிருப்பான், அவன் வந்து அம்மா முகத்தைப் பார்க்காமல் எடுக்க விடமாட்டேன் என்றாள். மதியத்துக்குச் சொல்லியிருந்த வண்டியைத் தள்ளிப்போடச் சொன்னாள்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். இப்பல்லாம் கடைக்கே போக வேண்டாம் மாமா, எந்த மூலையில் இருந்தாலும் அவனவன் போனிலிருந்தே போட்டுவிடலாம், கடல் தாண்டி இருக்கிறவன்கூடப் போடலாம் என்று மாமனாருக்குப் புரிய வைத்தார். கம்பெனிக்குப் போன் போட்டும் பார்த்தார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது அவரை நன்றாக அலையவிட்டது. கடைசியில் ஒரு பெண் வந்து, யார் போட்டது என்று சொல்வதற்கில்லை என்றாள். இந்த நாள் இனிய நாளாகட்டும் என்றும் சொல்லி வைத்தாள்.

பெட்டிக்குள் அவளைக் கிடத்தி மின்சாரத்தில் மாட்டினார்கள். அது உறுமத் தொடங்கியது. லாரிக்காரர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அது மறுபடி படிந்தது. தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டால் மகள் எழுந்து வாசலுக்குப் போவாள். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்புகிற அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. பெண்டாட்டியிடம் பார்த்துப் பார்த்து அவர் சலித்துப்போன அதே முகம்தான். அவளோடு இந்தக் காத்திருப்பும் போய்ச் சேர்ந்துவிடும் என்று காலையில் ஒரு நிமிஷம் நினைத்திருந்தார். அதை நினைத்து இப்போது கூசியது.

வெயில் சாய்ந்தது. மயானத்தில் கதவை அடைத்துவிடுவார்கள் என்று வண்டிக்காரர் வந்து நின்றார். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மணி பார்த்தார்கள். லாரிக்காரர் எழுந்து போய், சமையல்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் பின்னால் நின்றார்.

"அவன் வரமாட்டான்மா. எடுத்துடலாம்."

"வருவான்."

"அந்த ரீசார்ஜ் நான் போட்டது. இன்னிக்கு மட்டுமில்ல, எல்லாமே நான் போட்டதுதான். உங்கம்மாகிட்ட சொல்ல முடியல."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவனைப் போன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப அவன் போட்டதையும் நான் போட்டதுன்னு சொல்றீங்களா? அம்மாவைச் சீக்கிரம் அனுப்பணும்னா அதை நேரா சொல்லுங்கப்பா."

சத்தியம் செய்தார். கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம் வா என்றார். கடைவரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. சேதி கேள்விப்பட்டுச் செல்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுக் கையில் ஒரு மாலையோடு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். லாரிக்காரருக்கு உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்து மகள் முன்னால் இழுத்துவந்தார்.

"சொல்லுப்பா. இந்தப் போனுக்கு மாசாமாசம் யார் போடறது?"

செல்கடைக்காரர் மகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார், பிறகு லாரிக்காரரைப் பார்த்தார். பெரியவர் பிடிபட்டுவிட்டார், வீட்டில் போட்டு உருட்டுகிறார்கள், நம்மைத்தான் நம்பியிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சத்தியம் பண்ணிக் கொடுத்த மனுஷன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? அம்மா வர்றதை நிறுத்தினதிலேருந்து நம்ம கடையில இந்த நம்பருக்குப் போட்டதே இல்லையே," என்றார்.

"நான்தான் சொல்லச் சொல்றேனேப்பா. இனிமே மறைக்க வேண்டாம். சொல்லு."

செல்கடைக்காரர் குழம்பினார். சொல்வதா வேண்டாமா என்று அவர் வாய் இரண்டு பக்கமும் போய்வந்தது. அதற்குள் மகள் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"போதும்ப்பா. அவரை எதுக்குப் பொய் சொல்லச் சொல்றீங்க?"

மாப்பிள்ளைதான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் மெதுவாகப் பேசி இணங்கவைத்தார். வந்தால் நேரே மயானத்துக்கு வந்துவிடுவான், வாசலில் ஆள் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று ஏதேதோ சொன்னார். எடுத்தார்கள். வண்டி தெருவைத் தாண்டும்வரை மகள் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கதவை அடைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆட்கள் என்பதால் அங்கிருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வாடகைப் பெட்டி போயிருந்தது. கூடம் அகலமாகிவிட்டதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மகள் ஈரத்தரையில் உட்கார்ந்து அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, வயர் எட்டுகிற தூரத்தில் மடியில் வைத்துக்கொண்டாள். போனை நான் கொண்டுபோறேன் என்றாள். லாரிக்காரர் சரி என்றார்.

"இனிமே நீங்க இதுக்குப் போடாதீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொல்றது நிஜம்னா அடுத்த மாசம் வராது, நின்னுடும். வந்துச்சுன்னா அவன் இருக்கான்னு அர்த்தம். அம்மா சொன்னது பொய்யாகாது. பாத்துடலாம்ப்பா."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

கடையில் விளக்கு எரிந்தது. அவரைக் கண்டதும் செல்கடைக்காரர் பதறி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேனா? மயானத்துலேருந்து வர்ற வழியெல்லாம் அதே நினைப்புதான். இப்பவே வந்து உங்க பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்ணே. என் போன்ல எல்லாம் இருக்கு, காட்டிடலாம்."

லாரிக்காரர் உட்காரவில்லை. கடையின் கண்ணாடி மேஜைக்குள் கவர்களும் சார்ஜர்களும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காட்டினால் இன்றோடு முடிந்துவிடும். அவளுக்கு அம்மா போன அன்றே தம்பியும் போய்விடுவான். காட்டாவிட்டால் அவளும் அந்தப் போனை மடியிலிருந்து இறக்கிவைக்காமல் கிழவியாவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

"அடுத்த மாசம் போடவாண்ணே, நிறுத்திடவா?" என்றார் செல்கடைக்காரர் மெதுவாக.

லாரிக்காரர் கண்ணாடி மேஜையில் கையை ஊன்றினார்.

"போடு," என்றார். "ஆனா அன்னிக்கே போடாதே. கெடு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுப் போடு."

"நடுவுல கால் வராதேண்ணே. அவங்க பயந்துடுவாங்க."

"பரவால்ல," என்றார் லாரிக்காரர். "அவன் எதையும் சொன்ன நாள்ல செஞ்சவன் இல்ல."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, தெருவைப் பார்த்தபடி நின்றார். அவள் தன் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைக்காரர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.