பெங்களூர் ஸ்டேஷன் சொன்ன மழை

1956 ஏப்ரல் முதல் வாரம் முடிய, ஓசூர் தாலுகா கச்சேரி மழைமானியில் ஒரு சொட்டும் பதிவாகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்து அத்திப்பள்ளியில், அதே வாரத்தில் இரண்டு முறை மழை பெய்தது.

இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பொருமியவர்களில் வெங்கடப்பனும் ஒருவர். கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஓரமாக அவருக்கு மேட்டு நிலம் இருந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு ஓட்டி எள் தெளித்துவிடலாம். இல்லாவிட்டால் ஆடி வரை நிலம் சும்மா கிடக்கும். தினமும் மத்தியானம் மேற்கே மேகம் கூடியது, கறுத்தது, உறுமியது. பிறகு யாரோ விரட்டிவிட்டதுபோல வடக்கே திரும்பிப் போய்விட்டது.

விரட்டியது யார் என்பதில் வெங்கடப்பனுக்குச் சந்தேகமே இல்லை. கரியப்பன்தான்.

கரியப்பன் போன வருஷம் வரை அவருடைய ஏரைப் பிடித்தவன். அவன் அப்பனும் அதே ஏரைப் பிடித்தவன். இந்த வருஷம் தை பிறந்ததும் அவன் வந்து கைகட்டி நின்று, ஆற்றோரத்துப் புறம்போக்கில் செங்கல் அறுக்கப் போவதாகச் சொன்னான். ஓசூரில் கட்டடம் கட்டும் ஒரு காண்டிராக்டர், கல் நன்றாக வெந்திருந்தால் மொத்தச் சூளையையும் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவனும் அவன் பெண்சாதி நஞ்சம்மாவும் மண் மிதித்து அறுத்த பச்சைக் கல் இப்போது ஆற்றோரம் முழுக்க வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் கிடைத்தால் போதும், அடுக்கித் தீ வைத்துவிடலாம். அதற்குள் மழை வந்தால் எல்லாம் மறுபடியும் மண்.

சூளைக்காரன் நினைத்தால் மழையைக் கட்டிப்போடுவான் என்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் தெரிந்த சங்கதி. எதைப் புதைத்துக் கட்டுவான் என்பதில்தான் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். கரியப்பனின் களத்து மூலையில் ஒரு புதுச் சட்டி கழியில் கவிழ்ந்திருப்பதை வெங்கடப்பன் தம் கண்ணாலேயே பார்த்தார்.

"எதுக்கு இது?" என்று நஞ்சம்மாவைக் கேட்டார்.

"கண்ணு படாம இருக்கத்தாங்க சாமி."

"யாரு கண்ணு?"

அவள் பதில் சொல்லாமல் மண்ணை மிதித்தாள். அந்த மௌனத்தை வெங்கடப்பன் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. பஞ்சாயத்துச் சாவடியில் சர்க்கார் கொடுத்த ரேடியோ ஒன்று மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி நாராயணப்பனிடம். அவன் வெங்கடப்பனுக்கு அக்காள் மகன். சாயங்காலம் கிராம நிகழ்ச்சிக்குத் திறப்பான். மெட்ராஸ் ஸ்டேஷன் தமிழில் வானிலை சொல்லி முடித்ததும், வாசலுக்கு வெளியே நிற்கிற கரியப்பன் குரல் கொடுப்பான்.

"சின்னச் சாமி, பெங்களூர் ஸ்டேஷன் கொஞ்சம் வைங்க."

"ஏன்டா, மெட்ராஸ்காரன் சொன்னது பத்தலயா உனக்கு?" என்று பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தப்பன் சிரிப்பார்.

"மெட்ராஸ்காரருக்குக் கடல் மழைதாங்க தெரியும். நம்ம மழை மேக்கால இருந்து இல்லீங்களா வருது?"

"மழை வர்ற வழியெல்லாம் இவனுக்குத் தெரியுது பாரு. வழி தெரிஞ்சவன்தானே மறிப்பான்!"

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடப்பன் சிரிக்கவில்லை. கன்னடத்தில் வானிலை வாசிக்கும்போது கரியப்பன் மூச்சை அடக்கி நிற்பதை அவர் ஓரக்கண்ணால் கவனித்தார். நல்லவன் எவனாவது மழைச் செய்தியை இப்படிக் கேட்பானா?

ஒரு நாள் சாயங்காலம் கரியப்பன் வரத் தாமதமாயிற்று. மெட்ராஸ் ஸ்டேஷன், வறண்ட வானிலை என்று சொல்லி முடித்தது. நாராயணப்பன் பழக்கத்தில் முள்ளைத் திருப்பிவிட்டான். பெங்களூர்க்காரர் நிதானமாக வாசித்தார். தெற்கு உள்நாட்டில் நாளை பல இடங்களில் "குடுகு சகித மளெ". சாவடியில் கன்னடம் தெரியாதவன் கிடையாது. இடியோடு மழை.

"மாமா, நாளைக்கு மழையாம்!" என்றான் நாராயணப்பன்.

"ரேடியோவை மூடு."

"இன்னும் பாட்டு இருக்குதே."

"மூடுடா. பேட்டரி தீந்துபோவும்."

பெட்டி பூட்டப்பட்டது. வெங்கடப்பன் குரலைத் தாழ்த்தினார். "நல்லாக் கேட்டுக்குங்க. மழை வருதுன்னு தெரிஞ்சா அவன் இன்னைக்கே கட்டிப்போடுவான். அவனுக்குத் தெரியாம இருந்தாத்தான் அது தப்பிச்சு நம்ம நெலத்துக்கு வந்து சேரும்."

கோவிந்தப்பன் தாடையைச் சொறிந்தார். "அதுவும் நாயந்தான். திருடன்கிட்டப் போயி கதவு தெறந்திருக்குன்னு சொல்லுவாங்களா?"

கரியப்பன் ஓட்டமும் நடையுமாக வந்தான். முழங்கால் வரை மண். பூட்டிய பெட்டியைப் பார்த்ததும் முகம் வாடிற்று.

"பெங்களூர் என்ன சொல்லிச்சுங்க சாமி?"

கேள்வி நாராயணப்பனைப் பார்த்துத்தான். நாராயணப்பன் சாவியைப் பார்த்தான். வெங்கடப்பன் முந்திக்கொண்டார்.

"அதேதான். ஒரு பொட்டு மழையில்ல. ரெண்டு ஸ்டேஷனும் ஒரே பேச்சு."

"நெசமாங்களா?"

"நான் என்ன உங்கிட்டப் பொய் சொல்லவா வந்து உக்காந்திருக்கேன்?"

கரியப்பன் கும்பிட்டான். "அப்போ நாளைக்கு மேல மூடியிருக்கற ராகித் தாளையெல்லாம் எடுத்துட்டுக் கல்லை வெயில்ல போட்டுடறேனுங்க. சாயங்காலம் அடுக்க ஆரம்பிச்சுடலாம்." சந்தோஷமாகவே போனான். அந்தச் சந்தோஷத்தையும் வெங்கடப்பன் சந்தேகமாகவே பார்த்தார். நம்பிவிட்டானா, நம்பியதுபோல் காட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறானா?

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மேற்கே கறுத்தது. ஊரில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; தினமும் ஏமாற்றுகிற மேகம். வெங்கடப்பன் மட்டும் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பவில்லை. முதலில் புழுதி வாசனை வந்தது, பிறகு சுண்டைக்காய் அளவில் ஆலங்கட்டி, பிறகு கண்ணை மறைக்கிற மழை. ஓடை நிரம்பி வண்டிப்பாதையில் ஏறியது.

"பாத்தியா?" என்றார், நனைந்து ஓடிவந்த நாராயணப்பனிடம்.

அவன் தலையைத் துவட்டினான். "மாமா, அவங்கிட்டச் சொல்லாம விட்டதுனால பேஞ்சுதா, இல்ல ரேடியோ சொன்னதுனால பேஞ்சுதா?"

"ரெண்டுந்தான்," என்றார் வெங்கடப்பன். சொன்ன பிறகு அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

காலையில் நிலத்தின் ஈரம் பார்க்கப் போகிற வழியில், அவரும் கோவிந்தப்பனும் ஆற்றோரம் திரும்பினார்கள். செங்கல் வரிசை இருந்த இடத்தில் பாத்தி கட்டினதுபோல மண் மேடுகள் கிடந்தன. அங்கங்கே ஒரு கல்லின் மூலை மட்டும் உருத்தெரிந்தது. ராகித் தாள் போர் ஓரமாக நனைந்து கிடந்தது. நஞ்சம்மா குனிந்து, தேறுகிற கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெங்கடப்பன் நேரே களத்து மூலைக்குப் போனார். சட்டி கழியிலிருந்து விழுந்து உடைந்திருந்தது. கோவிந்தப்பன் கைத்தடியால் அந்த இடத்தைக் கிளறினார். ஈர மண்ணும் நத்தைக் கூடும் வந்தன. இன்னும் கிளறினார். மண்தான் வந்தது.

"ஆழமா வெச்சிருப்பான்," என்றார் கோவிந்தப்பன்.

"என்ன சாமி தேடறீங்க?" நஞ்சம்மா நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"மழையில்லன்னு ரேடியோ சொல்லிச்சுன்னு எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. அத நம்பித்தாங்க மூடியிருந்த தாளையும் எடுத்தோம்."

"ரேடியோக்காரன் சொல்றதெல்லாம் நடக்குதா?" என்றார் வெங்கடப்பன்.

தாள் போருக்குப் பின்னாலிருந்து கரியப்பன் எழுந்து வந்தான். கும்பிடவில்லை. அதைத்தான் வெங்கடப்பன் முதலில் கவனித்தார்.

"விடிகாலை அத்திப்பள்ளி வண்டிக்காரன் இந்த வழியா வந்தானுங்க," என்றான். "அங்க சூளைக்காரங்க எல்லாம் முந்தாநேத்து சாயங்காலமே கல்லை மூடி வெச்சுட்டாங்களாம். பெங்களூர் ஸ்டேஷன் சொல்லிச்சாம். அவங்க கேட்டது எந்த பெங்களூருங்க?"

கோவிந்தப்பன் தடியில் ஒட்டியிருந்த மண்ணைப் புல்லில் துடைத்தார். வெங்கடப்பன் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் செங்கல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஈரம் போறதுக்குள்ள உழணும்," என்றார் கடைசியில். "ஏரு சும்மாத்தான் நிக்குது. நீ வா."

கரியப்பன் திரும்பித் தாள் போர்ப் பக்கம் நடந்தான். நஞ்சம்மா கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். அது சத்தமில்லாமல் பிளந்தது.

வெங்கடப்பன் வேறு ஆள் வைத்து உழுது எள் தெளித்தார். ஓசூர் காண்டிராக்டர் வேறு இடத்தில் கல் வாங்கினார். கரியப்பனும் நஞ்சம்மாவும் அந்த வாரமே எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரு சூளைக்குக் கூலிக்குப் போனார்கள்.