ஒல்லி மோட்டாரும் இஞ்சித் திருகும்

பழைய மோட்டார் கெடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உட்காரும் வேலை கிடைத்தது.

அதற்கு முன்னால் மூட்டை. கண்டாவு தீவிலிருந்து படகில் வரும், பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரை லாரியிலிருந்து இறக்கி, கொட்டகையில் அடுக்கி, அரைவைக்கு இழுத்துக் கொடுப்பேன். ஒரு மழை நாளில் ஈரப் பலகையில் கால் வழுக்கி முட்டி திரும்பிவிட்டது. வைத்தியரும் பார்த்தார், எங்கள் ஊரில் எண்ணெய் நீவுகிறவரும் பார்த்தார். நடக்க வந்தது, சுமக்க வரவில்லை. வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். மேற்பார்வை பார்க்கும் வசிதி அக்கா, தராசு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

பொடி அடைக்கும் இயந்திரம் பெரிய புனல் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு திருகு. மேலே இருக்கும் மோட்டார் அந்தத் திருகை இத்தனை சுற்று என்று சுற்றி நிறுத்தினால் ஒரு பொட்டலத்துக்கான பொடி விழும். மறுபடி சுற்று, மறுபடி நில். நாள் முழுக்க அதுதான். மோட்டார் சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் ஒரு பொட்டலம் கூடும், அடுத்தது குறையும். பழையது அப்படித்தான் ஆகியிருந்தது. நான் கரண்டியோடு உட்கார்ந்து கூடினதை எடுப்பேன், குறைந்ததைப் போடுவேன், பொட்டலம் ஒட்டுகிற பெண்கள் பக்கம் தள்ளிவிடுவேன். மோட்டார் சரியாக இருந்தால் அந்த ஸ்டூலுக்கு அங்கே வேலையே இல்லை. இது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் அது புகைந்து நின்றே போனது. புது மோட்டார் பார்க்கும் பொறுப்பு எபேலிக்கு வந்தது. எபேலி எங்கள் தொழிற்சாலையின் மின்சார வேலைக்காரன், என் மாமன் மகன். மாமன் மகனைக் கேலி செய்யாமல் எங்களுக்கு ஒரு துண்டு மரவள்ளி தொண்டையில் இறங்காது.

சுவாவில் இருந்து இரண்டு மோட்டார் வாங்கி வந்தான். இரண்டும் செர்வோ வகை, சொன்ன இடத்தில் நிற்பதற்கென்றே செய்தவை. போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரிடம் பேசியிருந்தான். ஒன்று தடியாக, குட்டையாக, தூக்க இரண்டு கை வேண்டியதாக இருந்தது. மற்றது ஒல்லி. சட்டைக்குள் மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம்.

"இது என்னடா, பெரிசு பெத்த குட்டியா?" என்றேன்.

"உன் மூளையை விட பெரிசுதான், மச்சான். தொடாத."

"இவ்ளோ சின்னது அந்தத் திருகைச் சுத்துமா?"

"சுத்துறது பெரிசில்ல. கிளம்பணும், நிக்கணும், கிளம்பணும், நிக்கணும். அதுக்குத்தான் இது. இனர்ஷியா கம்மி."

"தமாஷ் பண்ணாம மனுச பாஷையில சொல்லு."

எபேலி ஒல்லி மோட்டாரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "ரக்பியில கும்பலா முட்டி ஸ்க்ரம் தள்ளுற தடியன் இருக்கான்ல, அவன் ஓட ஆரம்பிச்சா எவனாலயும் நிறுத்த முடியாது. அவனாலயே அவனை நிறுத்த முடியாது. ஓரத்துல ஓடுறானே ஒல்லி, அவன் ஒரு பாய் அகலத்துல நின்னு திரும்பி மறுபடி ஓடிருவான். இதுக்குள்ள சுத்துற உருளை அந்த ஒல்லி மாதிரி. கனம் கிடையாது. அதனால நில்லுன்னா நிக்கும்."

"நீ எந்த இடத்துல ஆடுன?"

"நான் இடைவேளையில ஆரஞ்சுப் பழம் வெட்டிக் குடுத்தேன். போடா."

முதலில் தடியனை மாட்டினான். முதலாளிக்கு அதுதான் ஆசை, பெரிசாக இருந்தால் நாள்பட உழைக்கும் என்பது அவர் கணக்கு. மெதுவாக ஓட்டியபோது நன்றாகவே விழுந்தது. பெண்கள் கைக்கு ஏற்ற வேகத்துக்குக் கூட்டியதும் கோளாறு பிடிபட்டது. நிறுத்து என்றால் கொஞ்சம் யோசித்து நின்றது. யோசிக்கிற நேரத்தில் பொடி கொட்டியது. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு. மத்தியானத்துக்குள் மோட்டார் உடம்பில் ரொட்டி சுடலாம் போல ஆகிவிட்டது. என் கரண்டிக்கு ஓய்வே இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். "பரவாயில்லை, வைசேலேதான் கரண்டியோட இருக்கானே," என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பேச்சு வெந்நீர் ஒத்தடம் போல இருந்தது.

மறுநாள் ஒல்லியை மாட்டினான். விசையை அழுத்தியதும் திருகு சுற்றவில்லை, நடுங்கியது. நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி. புனலே அதிர்ந்து பொடி மேலே கிளம்பி எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பு சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"எபேலி, இது உன்ன மாதிரியே இருக்கே. உறுமுது, வேல செய்ய மாட்டேங்குது," என்றாள் ஒட்டுகிறவர்களில் ஒருத்தி.

எபேலி மோட்டாரை ஓட்டும் மின்பெட்டியைத் திறந்து எதையோ குறைத்தான். நடுக்கம் போனது, கூடவே சுறுசுறுப்பும் போனது. தடியனைவிட மோசமாக நின்றது. மறுபடி கூட்டினான், மறுபடி நடுக்கம். தேநீர் நேரத்துக்கு மணி அடித்தும் அவன் வரவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் குந்தி, திருகைக் கையால் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எண்ணெயில் பொரித்த ஒரு பபகாவு ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தப்பு மோட்டார்ல இல்ல, மச்சான்," என்றான் மென்றுகொண்டே. "ஒல்லிப் பையன் முதுகுல ஈர மூட்டையை ஏத்திட்டு ஓடச் சொன்னா எப்படி? பையன் நிக்கிறான், மூட்டை நிக்கல. மூட்டை இழுக்குது, பையன் தள்ளாடுறான். இந்தத் திருகு முழு இரும்பு, அகலம் வேற. ஒல்லியா, உள்ளே பொள்ளலா ஒரு திருகு இருந்தா இந்த மோட்டார் அதைக் கொஞ்சிக்கிட்டே சுத்தும். ஒரு சுத்துக்குக் கம்மியாத்தான் பொடி தள்ளும், ஆனா இது வேகமா சுத்தும், சரியாப் போயிரும்."

"வாங்கேன்."

"ஆக்லாந்துலருந்து வரணும். முதலாளி பொறுக்க மாட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைத் திருப்பணும். பெரிசே இருக்கட்டும்னுவாரு. உனக்கு நல்லதுதான், ஸ்டூல் உன்னுதே."

இதை அவன் கேலியாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு திருகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யங்கோனாவுக்கு முன்னால் இதே இயந்திரத்தில் இஞ்சிப் பொடி அடைத்தார்கள். அந்தத் திருகு ஒல்லி. கழற்றி மூட்டைக் கொட்டகையில் போட்டது போட்டதுதான். நான்தான் அதை எடுத்து இரண்டு உத்தரக் கட்டைக்கு நடுவில் செருகி, சணல் கயிறு தொங்கவிட வைத்திருந்தேன். பார்க்கிறவனுக்கு அது வெறும் கொடிக்கம்பு.

ஸ்டூலுக்குப் போய் உட்கார்ந்தேன். முட்டியை நீவிக்கொண்டேன். எனக்கென்ன, யாரும் கேட்கவில்லையே என்று இருந்தேன். தடியன் இருந்தாலும் பொட்டலம் போகத்தான் போகிறது. கரண்டி இருக்கிறது, நான் இருக்கிறேன். வீட்டில் மனைவிக்கும் நான் உட்கார்ந்து வேலை பார்ப்பதில் ஒரு பெருமை.

வசிதி அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்தார். எபேலி அவரிடமும் அதே கதையைச் சொன்னான். அக்கா புனலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சி போட்ட காலத்துல ஒல்லியா ஒண்ணு இருந்துச்சே? எங்க போச்சு அது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வைசேலே, நீதானே கொட்டகையில இருந்த. பாத்திருக்கியா?"

ஆமாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வேண்டாம், புருவத்தைத் தூக்கினால் போதும். தொட்டிலில் இருக்கும்போதே அது வந்துவிடும். என் மனசு என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே புருவம் மேலே போய்விட்டது. அக்காவும் பார்த்தார், எபேலியும் பார்த்தான்.

அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. முன்னே பார்த்தேன், இப்போது நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். எபேலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பொடி, இமையில்கூட. கேலி ஒன்றும் சொல்லவில்லை. அவன் சும்மா இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வா," என்று எழுந்தேன்.

கொட்டகையில் நான் கையைக் காட்டினேன், அவன் மூட்டைமேல் ஏறி உருவினான். துரு இல்லை. கயிறு உரசி உரசி அது பளபளவென்று இருந்தது. மேலிருந்து தட்டிப் பார்த்தான், குழாய் மாதிரி சத்தம் கேட்டது.

"மச்சான்," என்றான், "இத மாட்டினா உன் ஸ்டூல் போயிரும். தெரியுமில்ல?"

"தெரியாமத்தான் நொண்டிக்கிட்டு வந்தேனா? இறங்கு, மூட்டை சரியப்போகுது."

கழுவி, காயவைத்து, மாட்ட அன்றைப் பொழுது போனது. மறுநாள் காலை விசையை அழுத்தினான். ஒல்லி மோட்டார் கொசு மாதிரி ஒரு சத்தம் போட்டது, நின்றது. சத்தம், நிறுத்தம். சத்தம், நிறுத்தம். முதல் பொட்டலத்தைத் தராசில் வைத்தேன். சரி. அடுத்ததும் சரி. வேகத்தைக் கூட்டினான். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒட்டினார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக வைத்தேன், எடுத்தேன். கரண்டியில் பொடியே ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா பொட்டலங்களை நேராகப் பெண்கள் பக்கம் போகும்படி பலகையைத் திருப்பி வைத்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

முதலாளி வந்து, இவ்வளவு சின்னதா என்று இரண்டு தடவை கேட்டார். தடியன் சுவாவுக்கே திரும்ப வண்டி ஏறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் போய் நின்றேன்.

"திங்கக்கிழமை நான் எங்கக்கா?"

"மூட்டைக்கு ஆள் கேக்குறாங்க," என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

"மூட்டை என்னால முடியாது. முடியும்னு சொல்லி நடுவுல விழுந்தா உங்களுக்கும் தொல்லை. உக்காந்து செய்யுற வேலை எதுனாலும் குடுங்க."

"உக்கார்ற வேலை வேர் பொறுக்குற கொட்டகையிலதான் இருக்கு. அங்க முழுக்கப் பொம்பளைங்க. ஆம்பளை யாரும் போனதில்ல."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"அவங்க ஒத்துக்குவாங்க. நீ தாங்குவியான்னுதான் பாக்குறேன்."

திங்கட்கிழமை காலை போனேன். தரையில் பாய் விரித்து, நடுவில் வேர்க்குவியல். கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எடுத்துவிட்டு நல்ல வேரைக் கூடையில் போட வேண்டும். என்னைப் பார்த்ததும் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பிறகு ஒருத்தி, "என்ன வைசேலே, மோட்டார் உன்னைத் துரத்திருச்சா?" என்றாள். "துரத்தல, வழியனுப்பி வச்சுது," என்றேன். இன்னொருத்தி, கல் எது வேர் எது என்று தெரியுமா, தெரியாவிட்டால் கடித்துப் பார் என்றாள்.

உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை. நாலு பேர் நடுவில் காலை நீட்டுவது எங்களுக்கு மரியாதை இல்லை. குனிந்து, "பொறுத்துக்கணும், இந்தக் கால் மடங்காது," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வயதில் மூத்தவள் தன் பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை நாலாக மடித்து என் முட்டிக்கு அடியில் தள்ளினாள்.

"நீட்டிக்கோ," என்றாள். "கை சும்மா இருக்கக் கூடாது."

குவியலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.