ரூபிக்கு வல்லாரை

எங்கள் நகரில், வளர்ப்புப் பிராணி யாரை மறந்துவிடுகிறதோ அவர் அந்த வீட்டில் தங்கக் கூடாது. ஐப்பசியில் எங்கள் நாய் ரூபி என்னை மறந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பிய என்னைப் பார்த்து விடாமல் குரைத்தது. சற்று நேரத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் திருவேங்கடம் வந்தார். என் பெட்டியை வெளியே கொண்டுவர ஒரு கை பிடித்தார். என் மனைவி வத்சலா, பெட்டியில் வைக்க விட்டுப்போன பற்பசையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரயிலடிக்குப் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்தேன். அங்கே தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். எதிர் அறைக்காரரை அவர் வீட்டுக் கிளி மறந்திருந்தது.

வத்சலா ரூபியைக் கால்நடை மருத்துவர் நஸீமாவிடம் கூட்டிப்போனாள். நான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன்.

"வயசானா நாய்க்கும் ஞாபகம் தேயும், சார். வல்லாரைச் சாறு கொடுத்துப் பாருங்க. சில நாய்க்குக் கேக்குது, சிலதுக்குக் கேக்கறதில்ல," என்றார் நஸீமா. "யார் ஞாபகம் முதல்ல வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வத்சலா சாற்றைத் தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தாள். மாலையில் நான் கேட்டுக்கு வெளியே நின்று விசாரிப்பேன். ரூபிக்கு முதலில் தன் தாய் ஞாபகம் வந்தது. ஒரு பகல் முழுக்க எதையும் சாப்பிடவில்லை. அடுத்து, முன்பு எங்களுக்குச் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்த சகாயராஜ் ஞாபகத்துக்கு வந்தார். பிராணி யாரை நினைத்துக்கொள்கிறதோ அவர் அந்த வீட்டில் தங்கலாம் என்ற விதிப்படி அவர் வீட்டு மனிதரானார். போர்வையோடு வந்து, முன்னறையில் என் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன். சாப்பிட்ட தட்டை அவரே கழுவறார்."

"நான் கழுவலையா?"

வத்சலா யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"உங்களை நினைச்சுக்க ரூபிக்கு என்னதான் இருக்குன்னு எனக்கும் தெரியலங்க," என்றாள்.

அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ரூபிக்கு நான் ஒரு நாளும் சாப்பாடு வைத்ததில்லை. தெருவில் நடக்கக் கூட்டிப்போனதில்லை. யோசித்து யோசித்து ஒன்றுதான் அகப்பட்டது. அது வத்சலாவுக்குத் தெரியாது.

மறுநாள் கேட் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். முழங்கால்களுக்கு நடுவில் தலையைப் புதைத்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். சகாயராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் உள்ளே போனார். ரூபி வெகுநேரம் நின்றது. பிறகு மெல்ல வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் முழங்கையில் முதுகைச் சாய்த்தது. அதன் உடம்பு நடுங்கியது. என்னுடையதும்.

"என்னங்க இது?" என்றாள் வத்சலா.

"தீபாவளிக்கு நாங்க ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில இப்படித்தான் உக்காந்திருப்போம்."

"ரூபிக்குத் துணையாவா?"

"இல்ல. எனக்கும் வெடின்னா பயம்."

"சிநேகிதர் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போவீங்க?"

"பின்வாசல் வழியா வந்துடுவேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்ப்பாள். பிறகு கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

சகாயராஜ் முகம் சுளிக்காமல் கூடத்துக்கு மாறிக்கொண்டார். மீதமிருந்த வல்லாரைச் சாறு இனி எதற்கு என்று வத்சலா அதைத் தோட்டத்தில் கொட்டினாள்.

காலையில் எழுந்தபோது, தான் ஏரியாக இருந்தது நிலத்துக்கு ஞாபகம் வந்திருந்தது. சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். வத்சலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காப்பி போட்டாள். சகாயராஜ் சிலிண்டரை மேடைமேல் ஏற்றினார். நான் ரூபியைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தேன். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் விசாரித்தேன். முதல் படகு போய்விட்டது, அடுத்ததில் உட்கார இடம் கிடைக்கும் என்றார்கள்.