ரேடியோ படித்த கதை

"பெரியம்மா, அம்மாவுக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணுங்கறாங்க" என்றாள் போனில் தங்கையின் மகள்.

"உங்கம்மா சொன்னாளா, நீயா சொல்றியா?"

"அம்மாதான் சொன்னாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காதவள் அவள். எல்லாம் முடிந்த பிறகு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்தே சொன்னேன்: "நீ தட்டறது கதவைத்தான். என்னை இல்ல." அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அதோடு சரி.

அந்த வாசகம் என்னுடையது இல்லை, ஒரு நாவலில் வருவது. அதைப் படித்துவிட்டு வேலையை உதறியவர்கள் உண்டு, சொந்த அண்ணனைப் போலீசில் காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். ஒரு நீதிபதியின் கதை. துரோகம் செய்த தம்பியை மன்னிப்பதா, நியாயம் பார்ப்பதா என்று புத்தகம் முழுக்க அவர் தன்னையே கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மழையில் தம்பி வந்து கதவைத் தட்டுவான். உள்ளேயிருந்து நீதிபதி சொல்கிற வாசகம் அது.

நான் அதைப் படித்ததில்லை, கேட்டதுதான். முன்பு வேலை பார்த்த தையல் கூடத்தில் நாங்கள் சட்டைகளுக்குக் கையால் காஜா எடுப்போம். பொத்தான் நுழைகிற துளையின் ஓரத்தை நூலால் இறுக்கிக் கட்டுகிற வேலை. கண்ணும் கையும் துணியில் மாட்டிக்கொள்ளும், காது மட்டும் சும்மா கிடக்கும். அதனால் ஒருத்தி உரக்கப் படிப்பாள், அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம். படித்தவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தோம். நீதிபதிக்கு ஒரு தொண்டை, தம்பிக்கு ஒரு தொண்டை வைத்திருந்தாள் படுபாவி. எனக்குக் கதை என்றாலே ஆட்கள் பேச வேண்டும். மலை, நிலா என்று ஆரம்பித்தால் கொட்டாவி வந்துவிடும்.

இப்போது மனதைக் கெட்டிப்படுத்திக்கொள்ளத்தான் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து முதல்முறையாக என் கண்ணாலேயே படித்தேன். கதவுக் கட்டம் வந்தது. தம்பி தட்டினான், நீதிபதி எழுந்தார். பிறகு விளக்கு, செருப்பு, தாழ்ப்பாளில் ஏறியிருந்த துரு. பக்கம் பக்கமாக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் கதவைத் திறந்தார். தம்பி ஈரத்தோடு வந்து உட்கார்ந்தான். அத்தியாயம் முடிந்துவிட்டது.

முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். நான் பிடித்துக்கொண்டிருந்த வாசகம் எங்கேயுமே இல்லை.

நான் போனபோது ரேடியோ தன் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. என்ன, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு?"

புத்தகத்தை அவள் மடியில் போட்டேன். "'நீ தட்டறது கதவைத்தான்.' அது எங்க இருக்குன்னு காட்டு."

"என் கண்ணாடி..."

"உன் தலை மேல இருக்கு. காட்டு."

அவள் கண்ணாடியை இறக்கவில்லை. "இதுல இருக்காது."

"ஏன், வேற பதிப்பா?"

"எந்தப் பதிப்புலயும் இருக்காது. அது நான் சொன்னது."

"நீ சொன்னதா!"

"பின்ன? பக்கம் பக்கமா எல்லாரும் ஊமையா நிக்கறாங்க. நீதான் ஊசியைக் குத்தி வெச்சுட்டுக் கத்தின, 'யாராச்சும் பேசுவாங்களா, இல்ல நான் தூங்கட்டுமா'ன்னு. பேச வெச்சேன்."

"பேச வெக்கறதுக்காகக் கதவைத் திறக்காமலே விட்டுட்டியேடி!"

"யார் சொன்னா? சொல்லிட்டுத் திறந்தார்னுதான் படிச்சேன். திறந்தது பேச்சு இல்லயே, உன் காதுல எப்படி விழும்?"

"பொய்."

"போய்க் கேளு மத்தவங்களை."

"கேக்கறதுக்கு யாருடி மிச்சம் இருக்கா?"

"அப்போ நம்பாத."

"அதை நம்பி என் கூடப்பிறந்தவளை வாசல்ல நிக்க வெச்சு அனுப்பினேன்!"

"ஓஹோ. அன்னிக்குத் தீர்ப்பு உன்னுது, இன்னிக்குக் குற்றம் என்னுதா? வேலைக்கு நடுவுல பொழுதுபோக ஒரு கதை சொன்னேன். அதை எடுத்துட்டுப் போய் உன் தங்கச்சியை அடின்னு சொன்னேனா? உனக்குக் கையில ஒரு கல்லு வேணும், பொறுக்கிக்கிட்ட."

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். "இனி உன் வாசப்படியை மிதிச்சா பாரு."

"நல்லா இருக்கு. இது நான் சொன்னது இல்ல, உன்னுதே. பத்திரமா வெச்சுக்க."

பேருந்தில் ஏறியும் கொதிப்பு அடங்கவில்லை. தங்கைமேல் இருந்த கோபம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இம்மியும் குறையவில்லை. ஆனால் இத்தனை காலமும் அதை நியாயம் என்று பேர் சொல்லி நடுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தேன். வாசகத்தை உருவிவிட்டுப் பார்த்தால் அது வெறும் கோபம். அதற்கு நீதிபதி அங்கி எதற்கு? என் வீட்டு நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.

தங்கை வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளே வந்து திறந்தாள். இளைத்துப் போயிருந்தாள், நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

"செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?"

வழியெல்லாம் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ரேடியோவின் தொண்டையில்தான் வந்தது.

"என்ன, பேச மாட்டியா? அன்னிக்கு மட்டும் கதவுக்குப் பின்னால நல்லாப் பேசின?"

செருப்பைக் கழற்றினேன். அவள் வழிவிடவில்லை, வழியை அடைக்கவும் இல்லை. பக்கவாட்டில் நுழைந்து முதலில் கண்ணில் பட்ட நாற்காலியைப் பிடித்தேன்.

"அதுல உக்காராதக்கா. கால் ஆடுது. விழுந்து தொலைச்சா அந்தப் பழியும் எனக்குத்தான் வரும்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.